ஆபீஸ் சுமந்த சைக்கிள்

நெடுந்தூர சைக்கிள் பிரயாணம் கிளம்புகிறவர்கள் இப்போதெல்லாம் டயர் வாங்குமுன்பே வலைத்தளம் திறந்துவிடுகிறார்கள். இது புதுப் பைத்தியமல்ல!

1983-ல் அமெரிக்க எழுத்தாளர் ஸ்டீவன் ராபர்ட்ஸ், சிறு கணினியும் சூரிய மின்தகடும் கட்டிய சைக்கிளில் புறப்பட்டார். வழியில் அகப்பட்ட டெலிபோன் மூலம் கட்டுரைகளை அனுப்பினார், அதுவே ஜீவனம். அந்த வண்டி 10,000 மைல் ஓடியது.

ஆசை அடங்கிற்றா? இரண்டாவது வண்டியில், மிதித்துக்கொண்டே எழுதக் கைப்பிடியில் பொத்தான்கள் வைத்தார். மூன்றாவதில் செயற்கைக்கோள் தொடர்பு, 105 கியர், எடையோ 580 பவுண்டு! அதைத் தயாரிக்கவே சுமார் 3 ஆண்டுகள். ஏற்பாடு பெருகப் பெருகப் பிரயாணம் சுருங்கிற்று. மூன்று வண்டிகளும் சேர்ந்து ஓடியது 17,000 மைல்தான். அதில் பெரும்பங்கு முதல் வண்டியுடையது.

இன்று அத்தனை சாதனங்களும் சட்டைப் பைக்குள் அடக்கம். ஆனால் நாளெல்லாம் மிதித்துவிட்டு, இரவு கூடாரத்தில் அன்றைய குறிப்பை எழுதியாக வேண்டுமே! அந்த வேலையை எந்தக் கருவியும் வாங்கிக்கொள்ளவில்லை.

ராபர்ட்ஸின் மூன்றாவது வண்டி கலிபோர்னியாவிலுள்ள கணினி வரலாற்று மியூசியத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.