பாட்டியும் பென் டிரைவும்

பக்கத்து வீட்டுப் பாட்டியின் பேத்தி டி.வி. பாட்டுப் போட்டியில் பாடினாள். செட்டாப் பாக்ஸில் அதை ரெக்கார்டு செய்து வைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டுவார் பாட்டி. போன மாதம் பாக்ஸ் பழுதாகி, புதிது வந்தது. அதே பென் டிரைவைச் செருகினால் பாட்டு வரவில்லை. லேப்டாப்பிலும் திறக்கவில்லை.

காரணம் எளிது. பெரும்பாலான பாக்ஸ்கள் பதிவைப் பூட்டுப் போட்டுத்தான் சேமிக்கும். சாவி அந்த ஒரு பாக்ஸிடம் மட்டுமே!

உங்கள் பாக்ஸில் ரெக்கார்டு வசதி இருக்கிறதா? இதையெல்லாம் கவனியுங்கள்:

* காலி பென் டிரைவையே செருகுங்கள். பாக்ஸ் முதலில் அதை ஃபார்மட் செய்யச் சொல்லும். 'சரி' கொடுத்தால் உள்ளே இருக்கும் கல்யாண போட்டோக்கள் போயே போச்சு!

* ஒரு மணி நேர ஹெச்.டி. நிகழ்ச்சிக்குச் சுமார் 3 ஜி.பி. இடம் வேண்டும். 32 ஜி.பி. பென் டிரைவில் ஏறக்குறைய 10 மணி நேரம் பதியலாம்.

* இரவு சீரியலை முன்கூட்டியே ரெக்கார்டுக்குப் போட்டிருந்தால், ரிமோட்டில் மட்டும் அணையுங்கள். சுவர் ஸ்விட்சை அணைத்தால் பதிவாகாது.

* தினமும் பார்க்கும் சீரியல் என்றால், பார்த்த பாகத்தை அன்றன்றே அழித்துவிடுங்கள். இடம் தீர்ந்தால் பதிவு பாதியில் நிற்கும்.

ஆக, ரெக்கார்டர் என்பது விட்டதைப் பார்த்துக்கொள்ளத்தான். பொக்கிஷமாகப் பாதுகாக்க அல்ல.

பாட்டிக்கு என்ன ஆயிற்று என்கிறீர்களா? ஞாயிற்றுக்கிழமை பேத்தி வந்து அதே பாட்டைக் கூடத்தில் பாடினாள். போனில் வீடியோ எடுத்துக் கொடுத்தோம். டி.வி.யில் பாடியதைவிட இதுதான் நன்றாக இருக்கிறதாம்!