காரம் தாங்காதது குற்றமா?

சத்துணவு வரிசையில் ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைகள் சாம்பார் சாதத்தை "ஸ்... ஸ்..." என்று கண்ணில் தண்ணி வரச் சாப்பிடுகிறார்கள். பெரிய வகுப்பு அண்ணன்கள், "இதுகூடத் திங்க முடியலையா?" என்று கேலி செய்கிறார்கள். எனக்கு இது பிடிக்கவில்லை.

அறுசுவையில் கார்ப்பு உண்டுதான். ஆனால் விஞ்ஞானப்படி காரம் சுவையே இல்லை, எரிச்சல்! மிளகாயிலுள்ள கேப்சைசின், சூட்டை உணரும் நரம்பைத் தூண்டிவிடுகிறது. மிளகாய் அரைத்தால் கையும் எரிகிறதே, கையில் நாக்கா இருக்கு? இந்த உணர்வு எப்படி வருகிறது என்று கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸ் 2021-ல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

தினமும் தின்னத் தின்ன அந்த எரிச்சல் குறைவாகத் தெரியும். அண்ணன்களுக்குப் பழகிவிட்டது, அவ்வளவுதான். இதில் வீரம் எங்கே வந்தது?

தண்ணீர் குடித்தாலும் எரிச்சல் போகாது. கேப்சைசின் தண்ணீரில் கரையாது. மோர், பால் என்றால் கேட்கும். அது தினமும் கிடைக்குமா?

மிளகாய்த்தூள் போடுமுன் சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு வாளி பருப்பைத் தனியே எடுத்து வைக்கலாமே! ஆயாம்மாவிடம் கேட்டேன். "பெரிய சார் சொன்னா செய்றேன் பாப்பா" என்றார். சாரும் இந்தச் சுவர்ப் பத்திரிகையைப் படிப்பார்.