பட்டம் இருக்கிறது, பழக்கம் எங்கே?

பி.காம்., பி.பி.ஏ. என்று வாணிபப் படிப்புப் படித்துப் பட்டம் வாங்கிய வாலிபர்கள் வருஷந்தோறும் ஏராளமாக வெளியே வருகிறார்கள். இவர்கள் வேலை கேட்டுப் போனால் முதலாளி கேட்கும் முதல் கேள்வி, "முன் அனுபவம் உண்டா?" என்பதுதான். வேலை கிடைத்தாலல்லவா அனுபவம் வரும்? அனுபவம் இருந்தால்தானே வேலை என்கிறார்கள்? பைத்தியம் தெளிந்தால்தான் கலியாணம் ஆகும், கலியாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்கிற கதையாகவே இது இருக்கிறது.

உடனே பெற்றோர், "எல்லாம் தலையெழுத்து" என்று ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு ஜோசியனிடம் ஓடுகிறார்கள். பையனுக்குச் சனி எந்த வீட்டில் என்று பார்ப்பதைவிட, அவனுக்கு ஒரு கடையின் கணக்கை எழுதி முடிக்கத் தெரியுமா என்று பார்த்தால் காரணம் விளங்கிவிடும்.

2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. வந்தது. மாதக் கணக்குக் கொடுக்கும் வியாபாரி விற்பனைப் பட்டியலை அடுத்த மாதம் 11ஆம் தேதிக்குள்ளும், வரிக் கணக்கை 20ஆம் தேதிக்குள்ளும் தாக்கல் செய்தாக வேண்டும். 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு மாநிலம் கடந்தால் இ-வே பில் வேண்டும். சரக்கு விற்றவர் பட்டியல் கொடுக்காவிட்டால் வாங்கியவருக்கு வரவேண்டிய வரிக் கழிவு நின்றுபோகும். இவற்றையெல்லாம் நம் பட்டதாரி பரீட்சைக்கு எழுதியிருப்பான். கையால் செய்திருக்க மாட்டான். தப்பு வந்தால் அபராதம் கட்டுகிறவர் வியாபாரி. அப்படியிருக்க அவர் புது ஆளிடம் கணக்கை ஒப்படைக்க அஞ்சுவதில் ஆச்சரியமென்ன?

செய்து பழகுவது நம்மவருக்குப் புதிதன்று. பர்மாவிலும் மலேயாவிலும் லேவாதேவி செய்த நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் தங்கள் பையன்களைப் பெட்டியடியில் உட்கார வைத்தே தொழில் பழக்கினார்கள். சிட்டையும் பேரேடும் எழுதி, அடுத்தாளாகி, அதன் பிறகே ஒருவன் மேலாள் ஆனான். இன்றும் ஆடிட்டர் ஆக விரும்புகிறவர் பரீட்சை தேறினால் மட்டும் போதாது. இரண்டு வருஷம் ஓர் ஆடிட்டரிடம் வேலை பழகியாக வேண்டும். ஆடிட்டருக்கு அவசியமானது பி.காம். படித்தவனுக்கு மட்டும் அனாவசியமா?

இதில் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மண்டிக்காரர் மகன் பட்டம் வாங்காவிட்டாலும் கல்லாவில் உட்கார்ந்தே தொழிலைக் கற்றுவிடுகிறான். கூலிக்காரர் மகளுக்கு உட்காரக் கல்லா ஏது? சிபாரிசு செய்ய மாமன் ஏது? நாமும் காலேஜ் வாசலை மிதிக்காமல், ஒரு கணக்குப்பிள்ளையின் பக்கத்தில் நின்று கற்றவர்கள்தாம். அந்த இடம் நமக்குத் தற்செயலாய்க் கிடைத்தது. தற்செயலாய்க் கிடைத்ததை எல்லோருக்கும் உரிமையாக்குவதே காலேஜின் வேலை என்கிறோம்.

"காலேஜ் அறிவு வளர்க்கும் இடம், குமாஸ்தா செய்யும் பட்டறையா?" என்று சில பெரியவர்கள் கேட்கலாம். கணக்கைக் கையால் செய்து பார்ப்பதால் அறிவு குறையுமா, வளருமா? புத்தகத்தில் படித்தது உண்மையா என்று சோதித்துப் பார்ப்பதற்குப் பெயர்தானே அறிவு?

இதற்கு வழி இல்லாமல் இல்லை. 1961ஆம் வருஷத்துத் தொழில் பழகுநர் சட்டம் 2014இல் திருத்தப்பட்டபோது, எஞ்சினீயரிங் அல்லாத பட்டதாரிகளையும் பழகுநராகச் சேர்க்க இடம் ஏற்பட்டது. உதவித்தொகை கொடுத்தே சேர்க்க வேண்டும் என்பது சட்டம். தமிழ்நாட்டுச் சர்க்கார் 2022 மார்ச்சில் "நான் முதல்வன்" திட்டத்தையும் தொடங்கிற்று. ஆனால் சட்டமும் திட்டமும் காகிதத்தில் இருந்தால் போதுமா? ஒவ்வொரு காலேஜும் கடைசி வருஷத்தில் சில மாதமாவது மாணவரைக் கடை, பாங்கு, ஆடிட்டர் ஆபீஸ்களுக்கு அனுப்ப வேண்டும். அங்கே என்ன கற்றார்கள் என்று உபாத்தியாயர் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். விண்ணப்பம் எழுதவும், பேட்டியில் கூச்சமின்றிப் பேசவும் பழக்க வேண்டும்.

எச்சரிக்கையும் ஒன்று சொல்லுவோம். பயிற்சி என்ற பேரால் பிள்ளைகளை டீ வாங்கி வரவும், சம்பளமில்லாமல் மூட்டை எண்ணவும் வைக்கிற முதலாளிகள் உண்டு. அது பயிற்சியல்ல, மோசடி. அன்றியும், பயிற்சி இல்லாத வேலையை உண்டாக்கிவிடாது. இருக்கிற வேலைக்கு ஏழைப் பிள்ளையும் போட்டியிடும்படி செய்யும். அதுவே பெரிய காரியம்.

ஆகவே பெற்றோர்களே! இனிப் பிள்ளையைக் காலேஜில் சேர்க்கும்போது கட்டடம் எத்தனை மாடி என்று பார்க்காதீர்கள். "என் பிள்ளை இங்கே எதைச் செய்து பழகுவான்?" என்று கேளுங்கள். பதில் சொல்லாத காலேஜுக்கு உங்கள் பணம் எதற்கு?