கண்டதை எழுதக் கற்பிப்போம்!

திருமுதுகுன்றம் என்பது தேவாரம் வழங்கிய பெயர். அதனை விருத்தாசலம் என்று பின்னாளில் வடமொழியில் பெயர்த்து வைத்தனர். பெயர் மாறினும் ஊர் மாறவில்லை. அதன் அருகே ஓடும் மணிமுத்தாறும் மாறவில்லை. அவ்வாற்றொடு பிணைந்த பழங்கதை ஒன்று, வேதியியல் ஆய்வகத்துள் நுழையும் ஒவ்வொரு தமிழ் மாணவனுக்கும் வாயிலிலேயே சொல்லப்பெறுதற்கு உரியதாகும்.

சுந்தரர் முதுகுன்றத்தில் பன்னீராயிரம் பொன் பெற்றார். அதனை மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்த் திருக்குளத்தில் எடுத்தார் என்பது சேக்கிழார் கூறும் வரலாறு. ‘ஆற்றிலே போட்டுக் குளத்திலே தேடுவது’ என்னும் வழக்கும் இதனின்று பிறந்ததென்பர். இக்கதையில் கருதத்தக்கது அதிலுள்ள வியப்பன்று, விழிப்பேயாகும். பொன்னை ஆற்றில் இடுமுன் அதில் ஒரு துணுக்கை வெட்டித் தம் கையில் வைத்துக்கொண்டார் சுந்தரர். அத்துணுக்குக்கு மச்சம் என்று பெயர். குளத்தில் எடுத்த பொன்னை அம்மச்சத்தொடு ஒப்பிட்டு உரைத்துப் பார்த்தபோதுதான் மாற்றுக் குறைந்திருந்தமை தெரிந்தது. திருவாரூரில் ‘மாற்றுரைத்த பிள்ளையார்’ என்னும் பெயர் இன்றும் அதனை நினைவூட்டுகின்றது. இறைவன் தந்த பொன்னேயாயினும் உரைத்துப் பாராமல் ஏற்றல் கூடாது என்பதே அக்கதையின் உயிர்.

இன்று அதே முதுகுன்றம் பீங்கானுக்குப் பெயர்பெற்ற ஊர். பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசு நிலையம் அங்குள்ளது. பொம்மைகளும் மின்காப்புப் பொருள்களும் அவ்வூர்ச் சூளைகளில் வெந்து வெளிவந்துள்ளன. அத்தொழிலுக்கு வேண்டும் பொருள்களைக் கிண்ணங்களில் இட்டு வரிசையாக வைத்துப் பாருங்கள். வெண்களிமண் வெள்ளை; வெண்கற்பொடி வெள்ளை; பெல்சுபார் என்னும் கல்லின் பொடி வெள்ளை; சுண்ணாம்புக்கற்பொடி வெள்ளை; அச்சு வார்க்கும் பாரிசுச் சாந்தும் வெள்ளை. கண் ஒன்றையே நம்பினால் ஐந்தும் ஒன்றே.

ஆயின், கேட்கத் தெரிந்தவனுக்கு அவை ஒவ்வொன்றும் தன் பெயரைத் தானே சொல்லும். நீர்விட்டுப் பிசைந்தால் களிமண் கைக்கு இணங்கி வளையும். கற்பொடி இணங்காது உதிரும். சாந்து சிறிது நேரத்தில் இறுகிப் போகும். சூளையின் கடுவெப்பத்தில் பெல்சுபார் உருகும்; வெண்கல் உருகாது நிற்கும். நீர்த்த உப்புக்காடி (உப்பமிலம்) ஒரு சொட்டு விழுந்தால் சுண்ணாம்புக்கல் நுரைத்துப் பொங்கும். இதனை அறியாது சுண்ணாம்புக் குறுணை கலந்த மண்ணைச் செங்கல்லாக அறுத்துச் சுட்டால், அக்குறுணை சுட்ட சுண்ணாம்பாகிக் காற்றின் ஈரத்தைப் பருகிப் பருத்து, பல நாள் கழித்துச் செங்கல்லைத் தெறிக்கச் செய்யும். பார்வையில் தவறிய ஒரு மணி, உழைப்பு முழுவதையும் உடைத்துவிடும்.

உடைவது கல்லாயின் வேறு கல் அறுக்கலாம். உயிராயின் என் செய்வது? பேரியம் சல்பேட்டும் பேரியம் கார்பனேட்டும் வெண்பொடிகளே. முன்னது கரையாதது, ஆகலின், குடலை ஊடுகதிர்ப் படம் எடுக்குமுன் நோயாளிக்கு அதனைக் குடிக்கக் கொடுக்கின்றனர். பின்னது வயிற்றுக் காடியில் கரைந்து நஞ்சாவது, எலிக்கொல்லியாக ஆளப்பெற்றது, பீங்கான் தொழிலிலும் பயன்படுவது. 2003-ஆம் ஆண்டில் பிரேசில் நாட்டில் ஊடுகதிர்ப் படத்திற்கான மருந்தில் இந்த நச்சுப்பொடி கலந்திருந்தது. அதனைப் பருகிய நோயாளிகள் பலர் மாண்டனர். நீர்த்த உப்புக்காடியில் அம்மருந்தைச் சிறிது இட்டிருந்தால் நுரை எழுந்து எச்சரித்திருக்கும். கல்லாதார்க்கும் கண்ணுக்குத் தெரியும் நுரை! நம் மேல்நிலைப் பள்ளி மாணவர் செய்யும் முதல் ஆய்வுகளுள் ஒன்றே அது.

பெயர் தெரியாத உப்பை ஆய்ந்தறிதல் என்பது, ஆகவே, மதிப்பெண்ணுக்காக ஏற்பட்ட விளையாட்டன்று. அதற்கோர் ஒழுங்கு உண்டு. முதலில் நிறம், மணம், கரையும் தன்மை ஆகியவற்றை நோக்குதல். பின்பு வெப்பத்தாலும் காடியாலும் வெளிப்படும் வளியை அறிதல். பின்பு சுடரில் காட்டுதல். அதன் பின்பு கரைசலில் தோன்றும் வீழ்படிவுகளைக் கொண்டு மின்னயனிகளைத் தொகுதி தொகுதியாகப் பிரித்தல். இறுதியில் உறுதிப்பாட்டு ஆய்வு. ஒரு சான்றை மட்டும் கொண்டு தீர்ப்புக் கூறலாகாது என்பதே அவ்வொழுங்கின் உட்பொருள்.

சுண்ணாம்புக்கல்லும் நுரைக்கும், பேரியம் கார்பனேட்டும் நுரைக்கும். சுடரிற் காட்டினால் முன்னது செங்கல் நிறமும் பின்னது இளம் பச்சையும் தரும். அச்சுடரிலும் விழிப்பு வேண்டும். கைவியர்வையில் உள்ள உப்பே சுடரை மஞ்சளாக்கிப் பிற நிறங்களை மறைத்துவிடும். அதனாலன்றோ நீலக் கண்ணாடி வழியாகச் சுடரைப் பார்க்கின்றனர்! செருமானியப் பேராசிரியர் புன்சனும் கிர்க்காப்பும் சுடரொளியை நிறமாலையாகப் பிரித்து, அதில் அதுகாறும் எவரும் காணாத கோடுகளைக் கண்டு, 1860-இல் சீசியத்தையும் 1861-இல் ருபீடியத்தையும் உலகுக்கு அறிவித்தனர். நூலில் இல்லாததைக் கண்ணாற் கண்டு, கண்டதைக் கண்டவாறே எழுதினமையால் பிறந்தவை அவ்விரு தனிமங்கள்.

நம் பள்ளிகள் பலவற்றில் நடப்பதோ வேறு. தேர்வு நாளில் எந்தக் குப்பியில் எந்த உப்பு என்பது மாணவனுக்கு முன்னரே கசிந்துவிடுகின்றது. அவன் விடையிலிருந்து பின்னோக்கி நடந்து, காணாத நிறத்தைக் கண்டதாகவும், எழாத வளியை முகர்ந்ததாகவும் நெட்டுருச் செய்தவற்றைத் தாளில் நிரப்புகின்றான். உப்பின் பெயர் சரியாயிருந்தால் முழு மதிப்பெண்! உண்மையாய் உழைத்து, ஐந்து நிலைகளைச் செம்மையாகக் கண்டு, ஆறாவதில் வழுக்கியவனுக்கோ குறைந்த மதிப்பெண். பொய்ச்சான்று கூறுதலைப் பதினேழு அகவையில் பழக்கிவிட்டு, பின்னர் மருந்தாய்வகத்திலும் குடிநீர் ஆய்வகத்திலும் அவனிடம் மெய்ச்சான்றை எதிர்பார்ப்பது எங்ஙனம்?

இக்கேட்டுக்கு மொழியும் ஒரு கரணியமாம். ‘எபர்வெசன்சு’ என்று எழுதும் சிற்றூர் மாணவனை அதன் பொருள் என்னவென்று கேளுங்கள், விழிப்பான். ‘நுரைத்துப் பொங்கிற்று’ என்பதை அவன் அடுப்பங்கரையில் பாற்பானையின் முன்னரே அறிவான். ‘பிரிசிபிடேட்டு’ அவனுக்கு ஓர் ஓசை. ‘வீழ்படிவு’ அவன் கண்முன் விழுந்து படியும் காட்சி. பொருள் விளங்காத சொல்லால் கண்டதைச் சொல்லவியலாது. நெட்டுருச் செய்ததை ஒப்பிக்கவே இயலும். அயன்மொழி அறிதல் குற்றமன்று. அதனை அறிவதற்கு முன் அறிவியலையே அதனுள் அடைத்துப் பூட்டுவதுதான் குற்றம்.

தமிழில் வேதியியல் இயலாது என்பார் வரலாறு அறியாதார். யாழ்ப்பாணத்தில் மருத்துவங் கற்பித்த அமெரிக்கர் கிறீன், 1875-இலேயே வேதியியல் நூலைத் தமிழில் வெளிவரச் செய்தார். 1916-இல் இராசகோபாலாச்சாரியார் முதலியோர் தமிழ்க் கலைச்சொற்களுக்கெனச் சேலத்தில் கழகம் கண்டு இதழ் நடத்தினர். மறைமலையடிகள் தனித்தமிழ் இயக்கந் தொடங்கியதும் அதே ஆண்டுதான். இன்று மேல்நிலை வகுப்பு வேதியியல் நூல் தமிழில் உள்ளது. சொல் இல்லை என்னும் சாக்கு மாய்ந்து நெடுநாளாயிற்று; துணிவின்மை ஒன்றே எஞ்சியுள்ளது.

செய்ய வேண்டுவன மூன்று. ஆய்வுக்குரிய பொருள் மாணவனுக்கு உண்மையாகவே அறியாப் பொருளாக இருத்தல் வேண்டும். உப்பின் பெயருக்கன்றிக் கண்டறிந்த முறைக்கே மதிப்பெண்ணின் பெரும்பகுதி செல்லல் வேண்டும். தமிழில் பயிலும் மாணவன் தான் கண்டதைத் தன் சொல்லால் எழுத ஆசிரியன் ஊக்குதல் வேண்டும். இவற்றோடு, முதுகுன்றத்துப் பள்ளி முதுகுன்றத்து மண்ணையும், கடற்கரைப் பள்ளி அளத்து உப்பையும் ஆய்வு மேசைக்குக் கொண்டுவரட்டும். தன் காலடி மண்ணை அறியாதவன் வேறெதனை அறியப் போகின்றான்?

மாணவச் செல்வங்களே! குப்பியின் மேல் ஒட்டிய பெயரை நம்பாதீர். பக்கத்திலிருப்பான் காதில் ஓதும் பெயரையும் நம்பாதீர். மணிமுத்தாற்றங்கரையில் வெட்டிவைத்த மச்சத்தை மறவாதீர். உரைத்துப் பாருங்கள்; கண்டதைக் கண்டவாறு தமிழில் எழுதுங்கள். நுரை எழவில்லையாயின், எழவில்லை என்றே எழுதுங்கள்!