வெச்சுட்டுப் போன டப்பா

போன தை மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை. தென்னைக்குத் தண்ணி மாத்திவிட்டுட்டுத் திரும்பினா, பழைய கிணத்து மேட்டுல ரெண்டு பசங்க. ஒருத்தன் செல்போனைப் பாத்துக்கிட்டு நிக்கறான். இன்னொருத்தன் கல்கட்டுல இருந்து கல்லை ஒவ்வொண்ணா உருவி வெளிய வெக்கறான். சாந்து வைக்காம அடுக்கின கட்டு அது. மாடு பூட்டிக் கவலை இறைச்ச காலத்துக் கல்தூண் ரெண்டு இன்னும் அதும்மேலதான் நிக்குது.

"ஏங்கண்ணு, என்ன தேடறீங்க?"

"ஒண்ணுமில்லீங்ணா, சும்மா போட்டோ எடுக்கலாம்னு..."

கல்லை உருவியா போட்டோ எடுப்பாங்க? "அந்த இடுக்குல சுருட்டை விரியன் படுத்திருக்கும், கையை எடு சாமி"ன்னு சொன்னதுக்கு அப்புறம்தான் உண்மை வெளிய வந்துச்சு. ஜியோகேச்சிங்னு ஒரு விளையாட்டாம். யாரோ ஒருத்தர் எங்கேயாவது ஒரு டப்பாவை ஒளிச்சு வைக்கிறார். அந்த இடத்தோட அட்சரேகை, தீர்க்கரேகையை இணையதளத்துல போடறார். மத்தவங்க ஜி.பி.எஸ். பாத்துத் தேடி வந்து, உள்ள இருக்கற நோட்டுல பேர் எழுதிட்டு, டப்பாவை இருந்த இடத்துலயே வெச்சுட்டுப் போகணும். விளையாடாத ஆளுங்க கண்ணுல படக்கூடாது. அந்த ஆளுங்களுக்கு 'மகிள்'னு பேராம், ஹாரி பாட்டர் கதையில இருந்து எடுத்தது. அதாவது என் சொந்தத் தோட்டத்துல நான் ஒரு மகிள்!

பசங்க திருப்பூர்க்காரங்க, நல்ல பசங்கதான். பக்கத்தைத் திறந்து காட்டினாங்க. டப்பா வெச்ச வருஷம் 2016. முதல் போட்டோவைப் பாத்ததும் எனக்குப் பேச்சு வரலை. கல்தூணைப் பிடிச்சுக்கிட்டு எங்க அய்யன் நிக்கறார் (எங்க பக்கம் அப்பாவை அப்படித்தான் சொல்றது). கீழ, 'தோட்டத்துக்கார ஐயாவிடம் கேட்டுத்தான் வைத்திருக்கிறேன். நோட்டில் முதல் கையெழுத்து அவருடையது' என்று எழுதியிருந்தது. அய்யன் போய் நாலு வருஷம் ஆச்சு. இப்படி ஒண்ணுக்குச் சம்மதம் சொன்னதை அவர் வீட்டுல யார்கிட்டயும் சொன்னதில்லை.

அதுக்குக் கீழ வந்தவங்க எழுதினதைப் படிச்சேன். முதல் ரெண்டு வருஷம் எல்லாம் நல்லபடியா இருக்கு. அப்புறம் ஒருத்தர், 'மூடி விரிசல் விட்டிருக்கிறது' என்கிறார். அடுத்தவர், 'நோட்டு ஈரம், எழுத முடியவில்லை'. அதுக்கடுத்து வரிசையா, 'கிடைக்கவில்லை'. உரிமையாளர் வந்து கவனிக்கணும்னு முறையா ஒரு குறிப்புப் போட்டா, அந்தப் பக்கத்துல ஒரு ஸ்பேனர் படம் வந்து ஒட்டிக்கும். அதுவும் வந்து ஒட்டியிருக்கு. உரிமையாளர்கிட்ட இருந்து ஒரு பதில், 'சரிபார்த்துவிட்டேன், எல்லாம் நலம்'. போட்ட தேதியைப் பாத்தா, அந்தாளு அப்ப நாட்டுலயே இல்லைன்னு பின்னால தெரிஞ்சுது. நாற்காலியில உக்காந்துக்கிட்டே பண்ணின பராமரிப்பு.

மூணு பேரும் சேந்து, குச்சியை விட்டுத் தட்டிப் பாத்துத் தேடினோம். ரெண்டு டப்பா கிடைச்சுது. ஒண்ணு பழைய போட்டோ ரோல் டப்பி, உள்ள துண்டுக் காகிதம். கிடைக்கலைன்னு வெறுங்கையோட போக மனசில்லாத யாரோ, தானே ஒண்ணைக் கொண்டுவந்து போட்டுட்டு 'கண்டுபிடிச்சேன்'னு எழுதிட்டுப் போயிருக்கார். இதை அந்த விளையாட்டுக்காரங்களே மெச்சறதில்லையாம். உரிமையாளருக்கு டப்பா நல்லா இருக்குன்னு பொய்ச் சேதி போகும், ஒரு குப்பை ரெண்டாகும். அசல் டப்பா அடிவரிசையில இருந்துச்சு. வெயில்ல மூடி பிஸ்கட் மாதிரி நொறுங்கிக் கிடந்தது. உள்ள எறும்புப் புத்து, ஒரு கோலிக்குண்டு, ஒரு சாவிக்கொத்து. நோட்டு குழைஞ்ச சோறாட்டம் ஆகி, தொட்டா விரல்ல ஒட்டுச்சு. பால்பாயின்ட் மை நீலமா கரைஞ்சு கிடந்ததே தவிர, ஒரு எழுத்து தெரியலை.

அன்னிக்கு எனக்கு வந்த கோபத்தோட எழுதியிருந்தா இது வேற மாதிரி இருந்திருக்கும். அதனாலதான் ரெண்டு வாரம் தள்ளிப்போட்டுப் படிச்சுப் பாத்தேன்.

இந்த விளையாட்டு பிறந்த கதையே எனக்குப் பிடிச்சிருக்கு. ஜி.பி.எஸ். துல்லியத்தை அமெரிக்க அரசாங்கம் வேணும்னே குறைச்சு வெச்சிருந்தது. 2000 மே மாசம் முதல் வாரத்துல அதை எடுத்துவிட்டாங்க. மே 3ஆம் தேதியே டேவ் உல்மர் என்கிறவர் ஓரிகன் மாநிலத்துல ஒரு கறுப்பு பிளாஸ்டிக் வாளியைப் பாதி மண்ணுல புதைச்சு வெச்சு, இடத்தை இணையத்துல அறிவிச்சார். உள்ள புத்தகம், வீடியோ, ஒரு கவண், ஒரு டின் பீன்ஸ். மூணு நாளுக்குள்ள ரெண்டு பேர் கண்டுபிடிச்சுட்டாங்க. அந்த முதல் வாளி கடைசியில எப்படிப் போச்சு தெரியுமா? புல் வெட்டற மெஷின் ஏறி நொறுங்கிப் போச்சு. தப்பிச்சது பீன்ஸ் டின் மட்டும். படிச்சப்ப, எனக்கு அந்த மெஷின் ஓட்டினவர் மேலதான் இரக்கம் வந்தது. பிளேடு என்ன ஆச்சோ!

அதுக்கப்புறம் விதிகள் நிறைய வந்திருக்கு. தனியா அனுமதி வாங்காம மண்ணைத் தோண்டிப் புதைக்கக்கூடாது, தின்பண்டம் வைக்கக்கூடாது, நிலத்துக்காரர் சம்மதம் வேணும். முக்கியமா, வைக்கிறவர் தொடர்ந்து வந்து பாத்துக்க முடியற தூரத்துல இருக்கணும். சுற்றுலா வந்த ஊர்ல சும்மா வெச்சுட்டுப் போறதை ஏத்துக்கறதில்லை. பக்கங்களைப் பாத்து அனுமதிக்க சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள் இருக்காங்க. புகார் வந்து உரிமையாளர் பதில் சொல்லலைன்னா, கொஞ்ச நாள் பாத்துட்டு அந்தப் பக்கத்தை மூடிடுவாங்க.

எல்லாம் சரிதான். ஆனா மூடறது பக்கத்தைத்தானுங்களே? டப்பா என் கல்கட்டுலதான் கிடக்கும். வரைபடத்துல புள்ளி போயிடுச்சு, அதனால தேடக்கூட யாரும் வரமாட்டாங்க. விளையாட்டோட கணக்குல அது தீர்ந்துபோன விஷயம். என் தோட்டத்துக் கணக்குல அது இன்னிக்குத்தான் ஆரம்பிக்குது.

வைக்கிறது ஒரு நாள் வேலை. அதுல ஒரு குஷி இருக்கு, போட்டோ இருக்கு. எங்க ஊர் ஏரிக்கரையில வருஷாவருஷம் மரம் நடற விழா நடக்குது. பேனர் எல்லாம் கட்டி, ஒரே குழியில வருஷம் ஒரு கன்னு. சித்திரையில ஒரு குடம் தண்ணி ஊத்த ஆள் வராது. தண்ணி வராத போர்வெல்லைத் திறந்தபடி விட்டுட்டுப் போறதும் இதே புத்திதான். 2019ல மணப்பாறை நடுக்காட்டுப்பட்டியில ஒரு குழந்தை விழுந்ததை நாடே டிவி முன்னாடி உக்காந்து பாத்தோம். ஒரு பிளாஸ்டிக் டப்பாவை அதோட சேத்து வைக்கிறது அதிகப்படின்னு தெரியும். இருந்தாலும் அந்தப் பையன் கையை விட்ட இடுக்கை நினைச்சா, ரொம்பவும் அதிகமில்லைன்னு தோணுது.

இன்னொண்ணும் சொல்லணும். டப்பா வெச்ச தம்பி கெட்டவர் இல்லை. முறையா வந்து கேட்டிருக்கார், அய்யனையே முதல் கையெழுத்துப் போட வெச்சிருக்கார். அப்படிப்பட்டவரும் விட்டுட்டார் என்கிறதுதான் எனக்கு உறுத்துது. கோயமுத்தூர்ல வேலையில இருந்தவரைக்கும் வந்து பாத்திருக்கார். வேலை வெளிநாட்டுக்கு மாறினப்ப ஒரு நாள் வந்து டப்பாவை எடுத்திருக்கலாம். எடுக்க மனசு வரலை. எடுத்தா, தான் வெச்சது இல்லைன்னு ஆயிடுமில்ல?

பசங்க மூலமா அவருக்கு எழுதினேன். ரெண்டாம் நாள் பதில் வந்துச்சு. 'மன்னிச்சுக்கங்கண்ணா. ஐயா தவறினது எனக்குத் தெரியாது. வேணும்னா அந்தக் கேச்சை உங்க பேருக்கே மாத்திக் குடுத்துடறேன், நீங்க பாத்துக்கறீங்களா?' இப்படி இன்னொருத்தர் பேருக்கு மாத்தறதுக்கு அந்த விளையாட்டுல வழி இருக்கு. நான் முடியாதுன்னுட்டேன். பாத்துக்க எனக்கு நாலு மாடும் அறுபது தென்னையும் இருக்கு.

அந்தக் கடிதத்தோட ஒரு போட்டோவும் இருந்தது. நோட்டோட முதல் பக்கத்தை அன்னிக்கே எடுத்து வெச்சிருக்கார். அய்யன் பத்திரத்துல போடறாப்பல தகப்பன் பேரு, தன் பேரு, ஊரு, தேதி எல்லாம் போட்டு, கீழ 'வருகிறவர்கள் கிணற்றுப் பக்கம் பார்த்து நடக்கவும்'னு எழுதியிருக்கார். அம்மாகிட்டக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பாத்துட்டு, "இந்த 'கி' அவரு எப்பவும் இப்படித்தான் சுழிப்பாரு"ன்னுச்சு.

அந்தத் திருப்பூர்ப் பசங்க அடுத்த ஞாயித்துக்கிழமையே வந்து, உருவின கல்லையெல்லாம் என்கூட நின்னு அடுக்கிக் கொடுத்தாங்க. கேச்சைத் தாங்க எடுத்துக்கறோம்னு அவங்களே கேட்டாங்க. பைக்ல முக்கால் மணி நேரத் தூரம்தான். நான் சொன்னது இதுதான்: கல்கட்டுல வேண்டாம், வரப்போரம் இருக்கற வேம்போட கவட்டையில வைங்க. பிளாஸ்டிக் வேண்டாம், ரப்பர் வளையம் போட்ட எவர்சில்வர் டப்பா. பேனா வேண்டாம், பென்சில். எடுத்துட்டுப் போறதா இருந்தா, எடுத்துட்டோம்னு என்கிட்டச் சொல்லிட்டுப் போங்க.

தலையாட்டினாங்க. அம்மா பழைய சம்படம் ஒண்ணைத் தேடி எடுத்துக் கொடுத்துச்சு. ஐப்பசி மழைக்கு முந்தி ஒருதரம் வந்து திறந்து பாக்கறோம்னு சொல்லியிருக்காங்க. பாப்போம்.