சுவர் எழுப்பிய கையும் இடித்த கையும்

தொண்டர்கள் வந்தார்கள், சுவர் எழுப்பினார்கள். துரைத்தனம் வந்தது, சுவரை இடித்தது! 2015-ஆம் ஆண்டு வெள்ளத்தை அடுத்துச் சென்னை அடையாற்றுக் கரையிலே அரங்கேறிய இரு காட்சிகள் இவை. முதற் காட்சியைப் புகழாத பிரமுகர் இல்லை. இரண்டாம் காட்சி வந்ததும் மேடையிலே விளக்கை அணைத்துவிட்டார்கள். அணைத்த விளக்கை ஏற்றிப் பார்ப்போம், தோழர்களே!

டிசம்பர் முதல் நாள். தாம்பரத்திலே ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டது. சைதாப்பேட்டையும் ஜாபர்கான்பேட்டையும் கோட்டூர்புரமும் நள்ளிரவில் நீருக்குள் விழித்தன. வெள்ளம் வடிந்தபோது கரையோரக் குடும்பத்துக்கு மிஞ்சியது என்ன? முழங்கால் அளவு சேறு. கூழாகிப்போன குடும்ப அட்டை. நனைந்து ஊதிப்போன பிள்ளையின் பாடப்புத்தகம். கூரை, எங்கோ கடலிலே!

அங்கேதான் வந்தனர் இளைஞர்கள். கல்லூரி மாணவர் வந்தார். ஆட்டோ ஓட்டும் தோழர் வந்தார். பள்ளிவாசல் இளைஞரும் கோயில் தெருப் பிள்ளையும் ஒரே கூடையில் சேறு சுமந்தனர். கணிப்பொறியைத் தட்டிப் பழகிய விரல்கள் மண்வெட்டி பிடித்துக் கொப்புளம் கண்டன. படிச்செலவு உண்டா? பதவி உண்டா? ஒன்றும் இல்லை! சேற்றை வாரினர், பிளீச்சிங் தூள் தூவினர், சவுக்குக் கழி நட்டனர், தார்ப்பாய் கட்டினர், சரிந்த செங்கல்லைக் கழுவி அடுக்கினர். அவர்களுக்கு முன்பே விடியலில் எழுந்து, அடுத்த தெரு வரை நடந்து குடிநீர் சுமந்து வந்து மண் குழைத்தவள் அந்த வீட்டுத் தாய். இதை மறந்துவிட்டு, ‘ஏழைக்கு வீடு கொடுத்தோம்’ என்று மார்தட்டும் கனவான்களைக் கண்டால் எனக்குச் சிரிப்பு வருகிறது. நகரத்து மாளிகைகளுக்குக் கல் சுமந்த கைகளுக்கா வீடு கட்டத் தெரியாது?

உடனே எழுந்தது மேட்டுக்குடியின் பாராட்டு: “ஆகா! என்னே இளைஞர்தம் தொண்டுள்ளம்!” பாராட்டட்டும், குறையில்லை. ஆனால் அந்த மாலைக்குப் பின்னே மறைந்துகொண்டவர் யார்? ஏரி மதகுக்குப் பொறுப்பானவர்! தொண்டர்கள் அனுப்பிய நிவாரணப் பொட்டலத்தின்மேல் ஆட்சியாளர் படத்தை ஒட்டுகிறார்கள் என்ற புகாரும் அன்று ஊரெல்லாம் பேசப்பட்டது. உழைப்பு ஒருவனுடையது, ஒட்டுத்தாள் இன்னொருவனுடையது! 2018 ஜூலையில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கை அறிக்கை, அந்த வெள்ளத்தை மனிதர் விளைவித்த பேரிடர் என்றே கூறிற்று. வான் பொழிந்தது உண்மை. வான் மட்டுமே குற்றவாளி என்பது பொய்.

குடிசை இழந்தவருக்கு அறிவிக்கப்பட்ட தொகை 10,000 ரூபாய். கூடவே வந்தது கட்டளை: ‘ஆற்றங்கரை ஆக்கிரமிப்பு, பெரும்பாக்கம் போ!’ அந்த டிசம்பரிலேயே தொடங்கி, 2017-லும் தொடர்ந்தது அந்த வெளியேற்றம். தொண்டர் நட்ட கழியின் ஈரம் உலருமுன் புல்டோசர் உறுமிற்று. வீட்டுவேலைக்கு நடந்தே சென்ற பெண்ணுக்குப் பேருந்துக் கட்டணமே பாதிக் கூலியாயிற்று. பிள்ளைக்குப் பள்ளி நடு ஆண்டில் அறுந்தது. போன இடமாவது மேடா? பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரம்! அதே மழையில் தானும் தண்ணீரில் நின்ற ஊர் அது.

ஆக்கிரமிப்பு என்ற சொல்லைக் கொஞ்சம் மேற்கே கொண்டுபோங்கள். மீனம்பாக்கம் விமான நிலையத்தின் இரண்டாம் ஓடுபாதை அடையாற்றின்மேலேயே பாலம் போட்டுக் கிடக்கிறது. அந்த வெள்ளத்தில் விமான நிலையமே நாட்கணக்கில் மூடிக்கிடந்தது. அங்கே எந்தப் புல்டோசர் போயிற்று? ஆற்றின் ஓரம் நின்ற குடிசை குற்றம். ஆற்றின் மேல் படுத்த ஓடுபாதை வளர்ச்சி! இந்த அகராதியை எழுதியவன் எவன்?

‘கரையிலேயே கிடந்து மூழ்கச் சொல்கிறாயா?’ என்பர். இல்லை. 1970-இல் தோன்றிய குடிசை மாற்று வாரியம், முதல் ஆண்டுகளில் குடிசை இருந்த இடத்திலோ அதன் அருகிலோதான் மாடி வீடு கட்டிற்று. இந்த நகரத்துக்கு அது செய்யத் தெரிந்த வேலை. பிற்பாடுதான் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று ஏழையை எல்லைக்கு அப்பால் தள்ளும் கலையைக் கற்றுக்கொண்டார்கள்.

ஆகவே தோழனே, மண்வெட்டியைக் கீழே போடச் சொல்லவில்லை நான். வெள்ளம் வந்தால் முதல் ஆளாகப் போ. சேற்றை அள்ளு, கழியை நடு. மாலையில் கைகழுவிப் புகைப்படம் எடுத்துத் திரும்பிவிடாதே! அந்தத் தாயோடு வட்டாட்சியர் அலுவலகத்துக்கு நட. அவள் எத்தனை ஆண்டு அங்கே வாழ்ந்தாள் என்பதற்கான தாள்களை உலர்த்தி, நகலெடுத்து, மனுவோடு சேர்த்துக் கொடு. மாற்று வீடு எந்த இடத்தில், எந்தத் தேதிக்குள் என்று எழுத்திலே வாங்கு. அதிகாரி உன்னைப் பார்த்து, ‘நீ யார் இதைக் கேட்க?’ என்பார். அவள் வீட்டுச் சுவரை எழுப்பியவன் என்று சொல்!