18 முடிந்தால் எங்கே போவது?

ரயில் நிலைய நடைமேடையில் தனியாக நிற்கும் சிறுவனை மீட்க இந்த நாட்டில் சட்டம் இருக்கிறது, காவல் படை இருக்கிறது, 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இருக்கிறது. 2018 முதல் 2024 வரையிலான ஆண்டுகளில் ரயில்வே பாதுகாப்புப் படை மட்டும் 84 ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறுவர் சிறுமியரை மீட்டிருக்கிறது. அதே சிறுவன் வளர்ந்து, 18 வயது முடிந்து, இல்லத்தை விட்டு வெளியேறி, துணிப்பையோடு அதே நடைமேடைக்கு வந்து நின்றால் அவனை ஏனென்று கேட்க அநேகமாக ஆளில்லை. இத்தகைய இளைஞர்களுக்குப் பல ஊர்களில் இதுவரை கைகொடுத்து வந்தவை கிறித்தவத் தொண்டு நிறுவனங்கள். அவையும் இப்போது வேகமாகத் தளர்ந்து வருகின்றன. ஒரு தலைமுறைப் பிள்ளைகளைத் தெருவிலிருந்து தூக்கிவிட்டு, மறுபடியும் தெருவிலேயே இறக்கிவிடும் நிலையை நோக்கி நாம் போய்க்கொண்டிருக்கிறோம்.

இந்தத் தொண்டின் வரலாறு நீண்டது. 1840களில் இத்தாலியின் தூரின் நகரில் ஆலைகளும் பட்டறைகளும் பெருகியபோது, பிழைப்புத் தேடிக் கிராமங்களிலிருந்து வந்த சிறுவர்கள் தெருக்களில் கிடந்தார்கள். பலர் சிறைக்குப் போனார்கள். அந்தச் சிறைகளுக்குள் போய்வந்த ஜான் போஸ்கோ என்ற இளம் குருவானவர், விடுதலையாகி வெளியே வரும்போது ஏற்க ஆளிருந்தால் இவர்கள் திரும்பவும் உள்ளே வர மாட்டார்கள் என்று கண்டுகொண்டார். உணவும் படுக்கையும் கொடுத்ததோடு அவர் நின்றுவிடவில்லை. 1850களின் தொடக்கத்திலேயே, தொழில் பழகப் போகும் சிறுவனுக்காகப் பட்டறை முதலாளியிடம் எழுத்து மூலம் ஒப்பந்தம் வாங்கினார். அடிக்கக் கூடாது, தொழிலுக்குச் சம்பந்தமில்லாத வேலை வாங்கக் கூடாது, ஓய்வு நாள் தர வேண்டும், கூலியைப் படிப்படியாக உயர்த்த வேண்டும் என்பவை அதில் இருந்தன. அவர் தொடங்கிய சலேசிய சபையினர் 1906 சனவரியில் இந்தியாவில் முதன்முதலாகப் பணி தொடங்கிய ஊர் நம் தஞ்சாவூர். அங்கே அவர்கள் பொறுப்பேற்றவற்றில் ஓர் அநாதை இல்லமும் உண்டு. இன்று சென்னை, கோவை, சேலம் போன்ற நகரங்களில் 'அன்பு இல்லம்' என்ற பெயரில் நடப்பவை அந்த மரபின் தொடர்ச்சிதான்.

பிள்ளைகள் இவற்றை 'ஹோம்' என்கிறார்கள். அங்கே நடக்கும் வேலை வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குப் புரிவது கடினம். நிலையத்தில் சுற்றும் பையனை ஊழியர் அணுகுவார். முதல் நாள் அவன் பெயரைக்கூட மாற்றித்தான் சொல்வான். சட்டப்படி 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும். வீடு கண்டுபிடிக்கப்பட்டு, அது பாதுகாப்பான வீடாகவும் இருந்தால் அனுப்பி வைப்பார்கள். அப்பாவின் குடிக்கும் அடிக்கும் பயந்து ஓடிவந்தவனை எங்கே அனுப்புவது? அவன் ஹோமில் தங்குவான். பின்பு ஒருநாள் ஓடிப்போவான். போதைக்காகச் சொல்யூஷன் பசை முகரும் பழக்கம் இழுக்கும், பழைய கூட்டாளிகள் இழுப்பார்கள். திரும்பி வரும்போது கதவு திறந்திருக்கிறதா என்பதில்தான் அவன் வாழ்க்கை இருக்கிறது. எத்தனை முறை ஓடினாலும் மறுபடி சேர்த்துக்கொள்ளும் பொறுமை அரசாங்கப் பதிவேடுகளுக்குக் கிடையாது. ஃபாதரும் சிஸ்டரும் அங்கேயே தங்கியிருப்பதால் அந்தப் பொறுமை அவர்களுக்குச் சாத்தியமாகிறது. அப்படி மீண்டவர்கள் வெல்டிங்கும் கேட்டரிங்கும் ஏசி மெக்கானிக் வேலையும் கற்று, குடும்பஸ்தர்களாகி நம்மிடையே வாழ்கிறார்கள்.

இத்தனை உழைப்பும் 18ஆவது பிறந்த நாளில் முட்டி நிற்கிறது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் இதை அறியாமல் இல்லை. இல்லத்திலிருந்து வெளியேறும் பிள்ளைக்கு 21 வயது வரை பின் பராமரிப்பு தரலாம் என்று அது சொல்கிறது. விதிவிலக்கான நிலைகளில் 23 வரை நீட்டிக்க 2016 மாதிரி விதிகள் இடம் தருகின்றன. மத்திய அரசின் மிஷன் வத்சல்யா திட்டம் இதற்கு வைத்திருக்கும் தொகை மாதம் 4,000 ரூபாய். சென்னையிலோ கோவையிலோ இந்தப் பணத்தில் ஓர் அறை எடுத்து மூன்று வேளை சாப்பிட முடியுமா? அறைக்கு அட்வான்ஸ் யார் கொடுப்பது? 'அப்பா பெயர் என்ன, சொந்த ஊர் எது' என்று வீட்டுக்காரர் கேட்டால் என்ன சொல்வது? கோவிட்டில் பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைக்கு 23 வயதில் 10 லட்சம் ரூபாய் கிடைக்கும்படி மத்திய அரசு ஏற்பாடு செய்தது. மிகச் சரியான செயல் அது. காசநோயிலோ சாலை விபத்திலோ பெற்றோரை இழந்த பிள்ளையின் பசியும் அதே பசிதானே?

சாதிச் சான்றிதழ் விஷயத்திலும் இதே இடைவெளி. பத்து வயதுக்கு முன் பெற்றோரை இழந்து, அரசின் அல்லது அரசு ஏற்ற இல்லங்களில் சேர்க்கப்பட்ட ஆதரவற்ற குழந்தைகளைத் தமிழ்நாடு பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்திருக்கிறது. மனிதாபிமானம் மிக்க ஏற்பாடு இது. ஆனால் எங்கோ ஓர் ஊரில் தகப்பன் உயிரோடிருக்க, வீட்டை விட்டு ஓடிவந்த பிள்ளை இதற்குள் அடங்குவதில்லை. வீட்டுக்குப் போகவும் வழியில்லை, அநாதை என்று எழுதவும் வழியில்லை. பெண் பிள்ளைகளின் நிலை இன்னும் மோசம். அவர்களை வெளியே அனுப்பப் பயந்து, 18 முடிந்த கையோடு கிடைத்த வரனுக்குக் கட்டிவைக்கும் வழக்கம் இருக்கிறது. படிப்பு அங்கேயே நின்றுபோகிறது.

இந்த நேரத்தில்தான் பண வழியும் அடைபடுகிறது. 2020 செப்டம்பரில் திருத்தப்பட்ட வெளிநாட்டு நன்கொடைச் சட்டம், நிர்வாகச் செலவுக்கான வரம்பை 50 விழுக்காட்டிலிருந்து 20 ஆகக் குறைத்தது. தெருவோரப் பிள்ளைகளோடு செய்யும் வேலையின் செலவில் பெரும்பகுதி ஆட்களின் சம்பளம்தான். நிலையத்தில் இரவெல்லாம் நிற்பவரும், போதையிலிருந்து மீட்கும் ஆலோசகரும் கட்டடமோ மருந்தோ அல்லவே. ஒரு பெரிய நிறுவனம் தான் பெற்ற பணத்தைச் சிறிய இல்லத்துக்குப் பகிர்ந்து தருவதையும் அதே திருத்தம் தடுத்துவிட்டது. இந்தத் திருத்தத்துக்கு முன்பே, 2017இல், கம்பாஷன் இன்டர்நேஷனல் என்ற கிறித்தவத் தொண்டு நிறுவனம் இந்தியாவை விட்டு வெளியேறியது. 2024இல் வேர்ல்ட் விஷன் இந்தியா என்ற கிறித்தவ நிறுவனத்தின் வெளிநாட்டு நன்கொடைப் பதிவு ரத்தானது. 2023இல் 1098 சேவை அரசின் கைக்கு மாறியபோது, அதுவரை அந்த அழைப்புகளுக்கு ஓடிய பல தொண்டு நிறுவனங்கள் ஒதுக்கப்பட்டன. அவர்களின் பல்லாண்டு அனுபவமும் அவர்களோடு போயிற்று.

மதமாற்றம் நடக்கிறது, கணக்கில் குளறுபடி இருக்கிறது என்ற குற்றச்சாட்டுகள் எழுகின்றன. நடந்திருந்தால் விசாரித்துத் தண்டியுங்கள். பதிவில்லாமல் நடத்தும் இல்லங்களை மூடத்தான் வேண்டும். அங்கியைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொள்வதும் ஆபத்து. நியூயார்க்கில் வீடற்ற இளைஞர்களுக்காக 1972இல் தொடங்கிய கவனன்ட் ஹவுஸ், அதை நிறுவிய பாதிரியார் மீதே பாலியல் புகார்கள் எழுந்து, 1990இல் அவர் விலகியபோது நிலைகுலைந்தது. அடுத்துப் பொறுப்பேற்ற கன்னியாஸ்திரீ மேரி ரோஸ் மெக்கீடி, நிர்வாகத்தைச் சீர்செய்து நம்பிக்கையை மீட்டார். அங்கே தவறு செய்தவர் போனார். பிள்ளைகளின் வீடு நின்றது. இங்கேயும் அப்படித்தான் நடக்க வேண்டும். ஒரு காகிதக் குறைக்காக நன்கொடைக் கணக்கு முடங்கும்போது, தண்டனையை அனுபவிப்பவன் அந்த இரவுச் சாப்பாட்டுக்குக் காத்திருக்கும் பையன்.

திருச்சபைகளுக்கும் ஒரு வார்த்தை. இத்தனை காலம் வெளிநாட்டுப் பணத்தை நம்பி இருந்துவிட்டு, உள்ளூர்க் காணிக்கையைக் கோபுரங்களுக்கும் திருவிழாக்களுக்கும் செலவழித்தது உங்கள் தவறு. உங்களிடம் பொறியியல் கல்லூரிகள், ஐ.டி.ஐ.கள், மருத்துவமனைகள், நகரின் நடுவே விடுதிகள் இருக்கின்றன. ஹோமில் வளர்ந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் அவற்றில் ஓர் இடமும், வேலை கிடைக்கும்வரை ஒரு கட்டிலும் ஒதுக்க யாருடைய அனுமதியும் தேவையில்லை. இந்தக் கல்வியாண்டிலேயே தொடங்கலாம்.

தமிழ்நாடு அரசு மாவட்டந்தோறும் பின் பராமரிப்பு விடுதி திறக்க வேண்டும், பெண்களுக்குத் தனியாக. மாதத் தொகையை வாடகையோடு பொருந்தும்படி உயர்த்த வேண்டும். வீட்டை விட்டு வந்த பிள்ளைகளுக்கும் சான்றிதழ் கிடைக்க ஆணை வேண்டும். மத்திய அரசு, குழந்தை இல்லங்களின் ஊழியர் சம்பளத்தை நிர்வாகச் செலவாகக் கருதாமல் இருக்க வேண்டும். இவை கிடைக்கும்வரை வாசகர்களும் சும்மா இருக்க வேண்டாம். இல்லத்தில் வளர்ந்து, 18 முடிந்து 21 ஆகாத ஓர் இளைஞரை உங்கள் கடையிலோ பட்டறையிலோ தெருவிலோ அறிந்திருந்தால், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு அழைத்துப் போய்ப் பின் பராமரிப்புக்கு விண்ணப்பிக்க வையுங்கள். அப்படி ஓர் உரிமை இருப்பதே அவர்களில் பலருக்குத் தெரியாது. வாடகைக்கு அறை வைத்திருப்பவர்கள், அப்பா பெயர் கேட்காமல் ஒருவருக்குக் கொடுங்கள்.